கையைப் பார்க்கிற அண்ணாச்சி

சீரகத்தைப் பொட்டலம் கட்டும்போதும் கணேசபாண்டியனின் கண் எதிரில் நிற்பவரின் கைமேல்தான் இருக்கும். முகத்தைப் பார்க்கவே மாட்டார். தாராவியில் அவருடைய மளிகைக் கடைக்குப் பல வருடமாகப் போகிறேன். நான் மூக்குக்கண்ணாடி மாற்றியது அவருக்குத் தெரியாது. மோதிரம் மாற்றியது தெரியும். "மூஞ்சி நல்லாத்தான்வே சிரிக்கும். கை என்ன செய்யிதுன்னு பாக்கணும்" என்பார். யாராவது முந்திரி டப்பாவை நெருங்கினால் "ஏ, ஹாத் திகா!" என்று ஓர் அதட்டல். கையை விரித்துக் காட்டாமல் கடையை விட்டு இறங்க முடியாது. ஒருமுறை ஆசீர்வாதம் செய்ய வந்த சாமியாரின் கையையே விரிக்க வைத்தார். உள்ளே நாலைந்து கிராம்பு இருந்தது.

இப்பேர்ப்பட்டவரின் மகள் தாரணி காதலித்தது ஒரு மேஜிக்காரனை. செம்பூர்ப் பையன், பெயர் தமிழ்செல்வன். லோயர் பரேலில், காக்டெய்ல் குடித்துக்கொண்டே மேஜையருகில் உட்கார்ந்து பார்க்கிற சின்ன மேஜிக் அரங்கு ஒன்றில் அவனுக்கு வேலை.

"மாப்ள என்ன செய்யிதாருன்னு ஊர்ல கேப்பான். கையில இருக்கத இல்லன்னு சொல்லிப் பொழைக்காருன்னா சொல்ல?" என்று அண்ணாச்சி குதித்தார்.

"ஒருக்க வந்து பாருங்கப்பா. அப்புறமும் வேண்டாம்னா வேண்டாம்" என்று தாரணி அழுததில் கொஞ்சம் இறங்கினார். வேண்டாம் என்று சொல்லப்போவது உறுதி. அதற்குச் சாட்சியாக என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை பார்க்க வெறுங்கையோடு போகலாமா? அவர் மனைவி சீனியம்மாள் தேங்காய், பழம், வெற்றிலையோடு தாம்பாளத்தைத் தூக்கி வந்திருந்தார். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்று வாசலில் காவலாளி தடுத்தான். தேங்காயை யாரப்பா இங்கே கடித்துத் தின்னப்போகிறார்கள் என்று நான் வாதாடிப் பார்த்தேன். தாம்பாளத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஹெல்மெட்டுக்குத் தருகிற டோக்கனைக் கொடுத்தான்.

உள்ளே இருபது பேர் இருந்தால் அதிகம். வளைந்த மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். எங்களுக்கு முன்வரிசை. புதுச் செருப்பு கடிக்கிறதென்று அண்ணாச்சி அதை மேஜைக்கடியில் கழற்றிவிட்டார். பக்கத்தில் எல்லோரும் கலர் கலராகக் குடிக்க, இவர் உப்புப் போட்டு லெமன் சோடா கேட்டார். மேலே ஏதோ தழையைக் கொளுத்திச் செருகி, புகையப் புகைய வந்தது. "என்னவே, அணைக்காமலே கொண்டாந்துட்டான்?" என்று ஊதி அணைத்துவிட்டுத்தான் குடித்தார்.

தமிழ்செல்வன் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான். இந்தியும் இங்கிலீஷும் கலந்து சிரிக்கச் சிரிக்கப் பேசினான். சிவப்புப் பஞ்சு உருண்டை ஒன்றைச் சீனியம்மாளின் கையில் வைத்து மூடச் சொன்னான். திறந்தால் இரண்டு. மறுபடி மூடித் திறந்தால் மூன்று. "ஆத்தீ!" என்று அந்த அம்மாள் குலுங்கிச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. வேடிக்கைப் பேச்சுக்கு எல்லாக் கண்ணும் அவன் முகத்துக்குப் போகும்; இவர் கண் மட்டும் முந்திரி டப்பாவைக் காக்கிற மாதிரி அவன் கையிலேயே இருந்தது. பையனுக்கு நெற்றி வியர்த்தது. பின்வரிசையில் தாரணி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வித்தை. மூன்று உருண்டைகளையும் ஒரே கையில் மூடி, ஊதி, இல்லாமலாக்க வேண்டும். மூடினான். ஏதோ ஒரு ஜோக் சொன்னான். சபை முழுக்கச் சிரித்தபோது, அவன் விரலிடுக்கிலிருந்து ஓர் உருண்டை நழுவி, மேஜை விளிம்பைத் தாண்டி, அண்ணாச்சியின் காலடியில் கம்பளத்தில் சத்தமில்லாமல் விழுந்தது. பக்கத்திலிருந்த நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவர் பார்த்ததைப் பையனும் பார்த்துவிட்டான். முகம் வெளிறிப்போய், விரித்த இரண்டு வெறுங்கைகளோடு அப்படியே நின்றான். சபை கைதட்டியது.

அண்ணாச்சி மூச்சை உள்ளே இழுத்தார். எனக்கு அந்த மூச்சு தெரியும். அடுத்து அதட்டல்தான். தாரணியைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சியின் வாயைப் பொத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

திறந்த வாய் மூடிக்கொண்டது. மேஜைக்கடியில் அவருடைய வெறுங்கால் மெல்ல நகர்ந்து, சிவப்பு உருண்டையின்மேல் ஏறி, அதை முழுக்க அமுக்கிக்கொண்டது. பிறகு அவர் அந்தப் பையனின் கையிலிருந்து கண்ணை எடுத்து, நிமிர்ந்து, அவன் முகத்தைப் பார்த்தார்.