இரத்மலானை பஸ்ஸில் ஒரு நுரைக் குமிழி

ஒன்பது வயதில் என்னை நானே ஓவியன் என்று நம்பிக்கொண்டிருந்த முழு முட்டாள் நான். என் மொத்தப் படைப்பும் ஒரேயொரு சவர்க்கார நுரைக் குமிழி. அது இரத்மலானை பஸ்ஸின் பின்புறத்தில் காலி வீதி என்ற அந்த நீண்ட றோட்டெங்கும் ஓடித் திரிந்தது.

அப்போதெல்லாம் பஸ் விளம்பரங்களைத் தகரத்தில் தூரிகையால் கீறித்தான் பூட்டுவார்கள். அப்படிக் கீறுகிறவர் ஒருவர் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். பின்னேரத் தேத்தண்ணீரை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்களோடு இருந்த சின்னம்மா, அம்மாவின் தங்கை. அவர் கீறிக்கொண்டிருந்த சவர்க்கார விளம்பரத்தில், கன்னத்தில் சவர்க்காரம் வைத்துச் சிரிக்கும் பெண்ணுக்கு, புருவத்து மச்சம் உட்பட, சின்னம்மாவின் முகம் வந்திருந்தது. நான் கண்டுவிட்டேன். அவர் தூரிகையை என்னிடம் தந்து ஒரு குமிழி கீறச் சொன்னார்.

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, என்ன?"

சின்னப் பிள்ளையிடம் வேலை வாங்கியதற்குக் கம்பனி ஏசும், அதுதான் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், மகனுக்கு அனுப்ப ஒரு போட்டோ கேட்டார். ஓவியனான எனக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"போட்டோ ஏன் மாமி? றோட்டில போய் நில்லுங்கோ. ரத்மலானை பஸ்ஸுக்குப் பின்னால சின்னம்மா பெரிசா இருக்கிறா. பக்கத்தில இருக்கிற குமிழி நான் கீறினது."

வந்தவர்கள் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள். அப்பா காலி வீதிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்படியொரு படத்தைத் தான் கண்டதேயில்லை என்று சின்னம்மா சத்தியம் பண்ணினார். என் குமிழியைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அதுதான் கவலை.

பின்னறை காலியாயிற்று. அவருக்குக் கொட்டாஞ்சேனையில் இன்னும் நல்ல அறை கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு வந்த சம்பந்தம் எதற்கும் சின்னம்மா தலையாட்டவில்லை. இரத்மலானை பஸ்ஸிலும் ஏறுவதில்லை. சனம் நெரியுது என்பார். அதையும் நம்பினேன்.

இப்போது கம்ப்யூட்டரில் அடித்த படத்தை யன்னலையும் விடாமல் பஸ் முழுக்க ஒட்டிவிடுகிறார்கள். போன மாதம் சின்னம்மாவைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போகத் தரிப்பிடத்தில் நின்றபோது, யாரோ ஒரு சவர்க்காரப் பெண் அப்படி ஒரு பஸ்ஸில் எங்களைக் கடந்து போனாள். இத்தனை வருடம் விழுங்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"சின்னம்மா, அவர் கீறினது உங்களைத்தானே? நான் அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்..."

சின்னம்மா அந்த பஸ்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூக்குப் பிழையெண்டு அவரிட்டை அப்பவே சொன்னனான்."