பெஞ்சில் ஒரு முழ இடம்

நான் குடிப்பது மனைவியின் அண்ணனுக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமாம். அதற்காகவே சிகிச்சைக்கு பெங்களூர், சென்னை என்று தூரமாகத் தேடினோம், எங்கும் போகவில்லை. இதைக் கேட்டு, நான் வேலை பார்க்கும் கொப்பரைக் களத்தில் எடை போடுகிறவர் ஒருநாள் எரிச்சலோடு சொன்னார்:

“ஏனுங்க, நம்ம பொள்ளாச்சி கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலயே பாக்கறாங்க. நானே அங்க போய்த்தான் நிறுத்துனேன்.”

மறுநாள் போனேன். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே நுழைந்தேன். குடிநோய்ப் பிரிவின் வாசலில், கையில் சீட்டோடு அதே மச்சான் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டோடேயே என்னை அடையாளம் கண்டு, பெஞ்சில் நகர்ந்து ஒரு முழ இடம் விட்டார்.

“ஹெல்மெட்டைக் கழட்டிப்போட்டு உக்காருங்க மாப்ள. எனக்கு இது மூணாவது வாரமுங்க.”

குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டேன். அந்த ஒரு முழ இடத்துக்குத்தான் இன்னும் சொல்ல வாய் வரவில்லை.