மேனேஜர் எழுந்திருக்கவில்லை

“மூச்ச இழு… அப்படியே புடி… ஆடாத…”

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் எக்ஸ்ரேக்காரம்மா கோழியின் வயிற்றுக்கடியில் கையை விடுவார். கோழி தலையணை மாதிரி உப்பிக்கொண்டு உறுமும். மணிக்கட்டில் நச்சென்று ஒரு கொத்து விழும். “சரி, விடு” என்று கையை எடுத்துக்கொள்வார். இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். எதிரே இருப்பது மனிதரோ கோழியோ, முதலில் மூச்சைப் பிடிக்கச் சொல்லித்தான் பழக்கம். தும்மப்போன புருஷனிடம்கூட அப்படிச் சொல்லியிருக்கிறார்.

கொல்லையில் ஆறு பெட்டைக் கோழிகள். சேவல் கிடையாது. ஒன்று இருந்தது, அது விடியும் முன்னே கூவிக் கூவி, இரவு வேலைக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டதால் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. இப்போது அடையில் உட்கார்ந்திருக்கிற புள்ளிக்கோழிக்குப் பெயர் மேனேஜர். “உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்காது, கிட்டப் போனா உறுமும். வேற என்ன பேரு வைக்கிறது?” என்பார்.

சேவல் இல்லாத வீட்டில் எந்த முட்டையும் பொரியாது என்று அதற்கு யார் சொல்வது? முட்டையை எடுத்தால் வெறும் வைக்கோலில் உட்காரும். வைக்கோலையும் எடுத்தால் வெறும் தரையில் உட்காரும்.

எக்ஸ்ரேக்காரம்மாவின் முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் என்ன தெரிகிறது என்று நோயாளிகள் அவர் முகத்தில்தான் தேடுவார்கள். “நான் லேசா உதட்டக் கடிச்சாப் போதும், அங்கேயே மயங்கி விழுந்துருவாங்க” என்பார். அதனால் நல்லதோ கெட்டதோ, “ரிப்போர்ட் வரட்டும், டாக்டர் சொல்வாரு” என்பதோடு சரி. பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சமையலில் உப்பு சரியா என்று புருஷன் கேட்டால்கூட அந்த முகத்திலிருந்து ஒன்றும் பெயராது.

ஆனால் மேனேஜர் விஷயத்தில் உள்ளுக்குள் உதறல். போன கோடையில் வெள்ளைக்கோழி ஒன்று இப்படித்தான் அடையில் உட்கார்ந்தது. “பசிச்சா தானா எந்திரிக்கும்” என்று விட்டுவிட்டார். அது எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த வாக்கிலேயே செத்துக் கிடந்தது. “நாந்தாங்க கொன்னேன்” என்று ஒரு வாரம் புலம்பினார்.

அதனால் இந்த முறை முதல் நாளே வைத்தியத்தை ஆரம்பித்தார். கம்பி வலையில் தரை போட்ட கூண்டைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, மேனேஜரை நாலு நாள் ‘அட்மிட்’ செய்தார். அடியில் காற்றுப் போய் வயிறு குளிர்ந்தால் அடை தெளியும் என்பது நம்பிக்கை. ஐந்தாம் நாள் திறந்துவிட்டதும், மேனேஜர் நேரே பழைய மூலைக்கு ஓடி உட்கார்ந்தது.

“மூக்குல ஒரு இறகச் சொருகி விடுக்கா, தன்னால தெளியும்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“மொதல்ல ஒம் மூக்குல சொருகிட்டு வா, பாப்போம்.”

உட்காருகிறதுதான் உட்காருகிறது, குஞ்சாவது பொரிக்கட்டும் என்று, சேவல் வளர்க்கும் ஆம்புலன்ஸ் டிரைவரிடம் ஆறு முட்டை வாங்கி வைத்தார். வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிற புருஷன், தையல் சாக்கட்டியால் சுவரில் இருபத்தோரு கோடு போட்டு, தினம் ஒன்றாக அழித்துக்கொண்டு வந்தார். ஏழாம் நாள் எக்ஸ்ரேக்காரம்மா குளியலறையை இருட்டாக்கி, போன் வெளிச்சத்தில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தார். கரு இருந்தால் சிவப்பு நரம்பு ஓடியிருக்க வேண்டும். ஒன்றிலும் இல்லை.

“என்னம்மா, ஏதாவது தெரியுதா?” கதவுக்கு வெளியே புருஷன்.

“ரிப்போர்ட் வரட்டும்.”

அங்கேதான் கோட்டை விட்டார். அன்றைக்கே முட்டைகளைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். ஒருவேளை தன் கண்தான் சரியில்லையோ, இன்னும் ரெண்டு நாள் பார்ப்போமே என்று, தனக்கே ரிப்போர்ட்டைத் தள்ளிப்போட்டார். ஐந்து நாள் ஓடிவிட்டது. டிரைவரைப் பிடித்து விசாரித்தால், “கெட்டுப் போயிரக் கூடாதுன்னு பத்து நாளா ஃப்ரிட்ஜுல பத்திரமா வெச்சிருந்தேனே மேடம்!” என்று பெருமையாகச் சொல்கிறார் அந்தப் புண்ணியவான். அத்தனை நாள் குளிரில் கிடந்த முட்டை எங்கே பொரியும்?

வீட்டுக்கு வந்து கோழியைக் காய்கறித் தராசில் வைத்தார். ரெண்டு கிலோ மேனேஜர், ஒன்றரைக்கும் கீழே. கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு கையில் குத்தியது. ஊறவைத்த சோளத்தை அலகுக்கு நேரே நீட்டினாலும் கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

“எல்லாம் கூமுட்டைங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்?” என்றார் புருஷன். சாந்தமான மனுஷர், அவருக்கே கோபம் வந்துவிட்டது.

மறுபடியும் கூண்டில் போட்டால் தாங்காது. மறுநாள் சாயங்காலம், பண்ணையிலிருந்து ஒரு நாள் வயசுக் குஞ்சுகள் நாலை அட்டைப்பெட்டியில் வாங்கிவந்தார். ஆபத்தான வேலைதான். வேற்றுக் குஞ்சு என்று தெரிந்தால் கோழி கொத்தியே கொன்றுவிடும். அந்தி மயங்கி, அதற்குக் கண் தெரியாத நேரமாகப் பார்த்து, மிச்சம் வரும் ரெண்டு முட்டையை முதலில் உருவிவிட்டு, ஒரு முட்டையை எடுப்பதும் ஒரு குஞ்சைச் செருகுவதுமாக நாலையும் உள்ளே தள்ளினார். விழுந்த கொத்தெல்லாம் அவர் கையில்தான். கடைசிக் குஞ்சு உள்ளே போய் ‘கீச்’ என்றது. மேனேஜர் உறுமலை நிறுத்தியது. கழுத்தை வளைத்துத் தன் வயிற்றுக்கடியில் பார்த்தது.

“ஏத்துக்குமாம்மா?”

“தெரியலைங்க. எனக்குப் பயமா இருக்கு.”

காலையில் வெள்ளைக் கோட்டும் தோளில் பையுமாகக் கொல்லைக்கு வந்து எட்டிப் பார்த்தார். நாலும் உயிரோடு இருந்தன. மேனேஜர் கால் நடுங்க எழுந்து நின்றது. ஒரு எட்டு வைத்தது, நின்றது, இன்னொரு எட்டு வைத்தது. அடித்தொண்டையில் ‘கொக்… கொக்…’ என்று கூப்பிட்டு, தட்டிலிருந்து ஒரு நொய்யை எடுத்துக் குஞ்சுகள் முன்னால் போட்டது. அவை கொத்தின. பிறகு தானும் ஒரு வாய் எடுத்தது. அப்புறம் தலை நிமிரவே இல்லை. தட்டு காலியாகும்வரை தின்றது.

“அப்பாடா! திங்குதுங்க! ஓடி வாங்க, திங்குது!”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைக்கவும் தோன்றாமல், பையிலிருந்த டப்பாவைத் திறந்து, புருஷன் சற்றுமுன் கட்டிக்கொடுத்த மதியச் சோற்றை அப்படியே கோழியின் முன்னால் கவிழ்த்தார். “ஏம்மா, அப்ப உனக்கு?” என்று அவர் கேட்டது காதில் விழவில்லை. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த பருக்கைகளையும் விரலால் வழித்துப் போட்டார்.