மாதையன் குடிகாரர் இல்லை

ஒரு நல்ல தகப்பனை, அவர் பெற்ற மகளின் வாயாலேயே, மைக்கில் குடிகாரன் என்று சொல்ல வைத்தவன் நான்.

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

வாலிபர் ஊழியத்தில் புதிதாகக் கால் வைத்திருக்கிற நீ, அனுபவத்திலிருந்து நாலு ஆலோசனை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தாய். மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். பிள்ளைகளின் பெயரை மறக்காதே, கூட்டத்தை நேரத்தில் முடி, பெண்பிள்ளைகளைக் கடைசி பஸ்ஸுக்கு முன்பே அனுப்பிவிடு, பேசுவதைவிட அதிகமாக ஜெபம் பண்ணு... மூன்று தடவையும் இதோடு பேனா நின்றுவிட்டது. எல்லாம் சரியான ஆலோசனைதான். நானும் அவற்றைக் கடைப்பிடித்தவன்தான். கடைப்பிடித்துக்கொண்டே இதையும் செய்தேன்!

அந்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பாலக்கோட்டில் எங்கள் சபை என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. சனிக்கிழமை சாயங்காலம் வாலிபர் ஐக்கியக் கூட்டம். எங்கள் கிட்டாரில் ஒரு கம்பி கிடையாது; அது இல்லாமலே வாசிக்கப் பழகியிருந்தோம். மழை பிடித்துக்கொண்டால் பிரசங்கம் காதில் விழாது. உடனே பாட்டுக்குத் தாவிவிடுவோம், மழையைவிடச் சத்தமாக! கூட்டம் முடிந்ததும் பஸ் நிலையம் வரைக்கும் எல்லோரும் கும்பலாக நடப்போம். மார்க்கெட் பக்கம் வந்தாலே தக்காளி வாசம் அடிக்கும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. 'அண்ணா' என்று கூப்பிட முப்பது பேர் இருந்தார்கள். அப்படியொரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

அங்கேதான் வளர்மதி வந்தாள். பிளஸ் டூ கணக்கில் ஃபெயிலாகி, நான்கு மாதம் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தவள். தோழி ஒருத்தி, பாட்டு நன்றாக இருக்கும் என்று சொல்லி அழைத்து வந்தாள். அம்மா இல்லை. அப்பா மாதையன், தக்காளி மார்க்கெட்டில் பெட்டி தூக்குபவர். அவர் கிறிஸ்தவர் அல்ல. ஆனால் மகள் வருவதை ஒருநாளும் தடுத்ததில்லை. கூட்டம் முடிகிற நேரத்துக்குச் சைக்கிளோடு வாசலில் நிற்பார். உள்ளே கூப்பிட்டால், உடம்பெல்லாம் அழுக்கு என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார். எங்கள் முகாம் எதுவானாலும் அவரிடமிருந்து ஒரு பெட்டித் தக்காளி வந்து இறங்கிவிடும். அந்தத் தக்காளியில் வைத்த ரசம் இருக்கிறதே... இன்னும் நாக்கில் நிற்கிறது.

ஒரு வருடம் கழித்து, தானும் சாட்சி சொல்ல வேண்டும் என்று வளர்மதி ஆசைப்பட்டாள். ஆண்டவர் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொல்வது. என் வாலிபர்கள் அதை நோட்டில் எழுதி என்னிடம் காட்டிவிட்டுத்தான் பேச வேண்டும்; அது நான் வைத்த ஒழுங்கு. சிவப்புப் பேனாவோடு உட்காருவேன். முதலில் இருட்டு, நடுவில் இயேசு, கடைசியில் வெளிச்சம்... இருட்டு எவ்வளவு கனமோ, கூட்டம் அவ்வளவு அழும். இந்த வித்தை எனக்கு அத்துப்படி.

வளர்மதியின் நோட்டில் இருட்டே போதவில்லை! தான் தோற்றபோது அப்பா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை என்று எழுதியிருந்தாள். தினமும் வேலைக்குப் போகும் முன் சோறாக்கி எடுத்து வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் எழுந்து போவாராம்.

அந்த வரிகளைக் கோடு போட்டு அடித்தேன். அப்பாவே இவ்வளவு நல்லவராக இருந்தால் ஆண்டவருக்கு அந்த வீட்டில் என்ன வேலை என்று எனக்குத் தோன்றியது. ஆமாம், அப்படியேதான் தோன்றியது! அந்தச் சோற்றில் ஆண்டவர் இருந்திருக்கலாம் என்று ஏன் தோன்றவில்லை?

அவள் அப்பா குடிப்பாரா என்று கேட்டேன்.

"குடிக்க மாட்டாருங்கண்ணா. தீபாவளிக்கு மட்டும் கொஞ்சம்..."

"அப்ப குடிப்பார்னு சொன்னா அது பொய் இல்லையே?"

நான் சிவப்பு மையில் எழுதினேன். முதலில் குடி மட்டும். இரண்டாவது சபையில் பேசப் போனபோது, குடித்துவிட்டு வந்து அடிப்பார் என்பதும் சேர்ந்துகொண்டது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு, அண்ணன் சொன்னால் ஆண்டவர் சொன்ன மாதிரி. போன இடமெல்லாம் அழுதார்கள். மூத்தவர்கள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். பொய்ச்சாட்சிக்கு எதிரான கட்டளையை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைதட்டிப் பாடச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்!

மே மாதம், பென்னாகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் முகாம். இரண்டாம் நாள் காலை வளர்மதி பேசிக்கொண்டிருந்தாள். அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து... என்ற இடத்தில் சட்டென்று நின்றுவிட்டாள்.

அவள் பார்த்த பக்கம் திரும்பினேன். கதவருகில், தோளில் தக்காளிப் பெட்டியோடு மாதையன்! முதல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மகள் மைக்கில் பேசுவதைப் பார்த்த பூரிப்பில் பெட்டியை இறக்கக்கூடத் தோன்றவில்லை போலும். சிரிப்பு முகத்தைவிட்டு இன்னும் போகவில்லை.

வளர்மதி என்னைப் பார்த்தாள். நிறுத்திவிடட்டுமா என்று அந்தக் கண்கள் கேட்டன.

நான்... மேலே பேசு என்று கையைக் காட்டினேன்.

ஏன்? இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதியில் நின்றால் அசிங்கம் என்றா? வெளியூர்ப் பேச்சாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்றா? காரணம் எதுவானாலும் கை என்னுடையது. அவள் பேசி முடித்தாள். கூட்டம் தேம்பி அழுதது.

மாதையன் பெட்டியைச் சமையல்கட்டில் இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். சட்டையைப் பிடித்து உலுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவரோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"சார், புள்ளைய நான் எப்பங்க அடிச்சேன்? எனக்கு நெனப்பே இல்லீங்களே."

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சாமி பெயரைச் சொல்லி மகள் பொய் பேச மாட்டாள் என்று நம்பி, தன் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றார் அந்த மனிதர்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் தோளில் கை வைத்து, "ஆண்டவர் உங்களை மன்னிச்சிட்டார், கவலைப்படாதீங்க" என்றேன்.

செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வழங்கிய மகாபாவி நான்!

வளர்மதி அதோடு ஐக்கியத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். நான் போன் பண்ணினால் எடுப்பதில்லை. எப்படி எடுப்பாள்?

ஆகவே, உனக்கு என்னிடம் இருப்பது ஒரே ஆலோசனை. ஒரு பிள்ளை தன் சாட்சியை எழுதிக்கொண்டு வந்தால் உன் பேனாவை மூடி வை. அது சப்பென்று இருந்தாலும் இருக்கட்டும். கூட்டம் கொட்டாவி விட்டாலும் விடட்டும். வாசலில் ஒரு தகப்பன் நின்றால், அழுக்குச் சட்டையோடு அவரை உள்ளே அழைத்து முன் வரிசையில் உட்கார வை. அவர் காதுபட எதைச் சொல்ல முடியாதோ, அதைச் சபையிலும் சொல்ல வைக்காதே.

எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டேன் பார்... போதகம் செய்வது எனக்கு எப்போதுமே சுலபம்.

போன மாதம் தருமபுரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். நிற்க இடமில்லை. மாதையன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை; தோளை அழுத்தி என்னை உட்கார வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக் குனிந்து பேசினார்.

"அன்னையில இருந்து தீபாவளிக்குக்கூட வாயில வெக்கறதில்லீங்க சார். புள்ளதான் வூட்டுக்கு வந்தா இன்னும் மூஞ்சி பாத்துப் பேசமாட்டேங்குது. கோவம் ஆறல போல. நீங்க சொன்னா கேக்கும்... ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

கோபமா? அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிகிறாள் என்பது எனக்குத் தெரியும். தன்னைத்தான் மகள் மன்னிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டும் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். ஒரே ஒரு வாக்கியம் போதும். வாய்வரை வந்தது.

"சொல்றேங்க" என்றேன்.

அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறுகையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டார். தருமபுரி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். நான் அவருடைய இடத்தில் உட்கார்ந்து வந்தேன்.

உனக்கு எழுதிவிட்டேன். அவர்கள் இருவருக்கும் இன்னும் சொல்லவில்லை. அந்த பஸ்ஸுக்குப் பிறகு ஐந்து சனிக்கிழமைகள் போய்விட்டன...