அய்யா சொன்ன மிளகாய்க் கதையும் அதில் சாகாதவரும்

எங்களைப் பெற்ற அய்யா பிறந்தது அபிராமம். உழைத்ததும் கண்மூடியதும் முதுகுளத்தூர். சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, ஆடு மேய்த்துக்கொண்டே படித்து, தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்கள். இதற்கு மேல் அவர்களைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், நம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இவ்வளவுதான். முனியசாமி என்ற விவசாயி குண்டு மிளகாயைக் களத்தில் காயப்போட்டுவிட்டு, பட்டா மாறுதலுக்காக அலுவலகம் வந்தார். "சார் இப்ப வந்துருவாரு" என்று சொல்லியே சாயங்காலம்வரை உட்கார வைத்துவிட்டார்கள். ஊரில் மழை பெய்து மிளகாய் அத்தனையும் அழுகிப்போனது. இதை அய்யா மேலதிகாரிகள் கூட்டத்தில் எழுந்து சொன்னார்கள். அதன்பிறகுதான் அதிகாரிகளே ஊர் ஊராகப் போய் மனு வாங்கும் 'மனு நாள்' எங்கள் பக்கம் வந்தது.

வருடம் ஆக ஆகக் கதைக்குக் கைகால் முளைத்தது. அதிகாரிகளின் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்பட்ட கதையில் முனியசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தே போனார். அய்யா நேரில் போய் மறுத்தார்கள். "உயிரோட இருக்காருன்னா யாருங்க காது குடுப்பா?" என்று சிரித்தாராம் ஓர் அதிகாரி.

"ஏத்தா, இது பொய்யின்னு ஒருநா தெரிஞ்சா, அதையே சாக்கா வச்சு மனு நாளை நிறுத்திப்புடுவாங்ய. கதைய கேட்டு வந்தது, கதைய கேட்டே போயிரும்" என்று அய்யா என்னிடம் பொருமினார்கள். படுக்கையில் விழுந்த பிறகும் அந்தப் பயம் அவர்களை விடவில்லை.

பயம் வீணில்லை. எல்லாரும் செல்போனிலேயே மனுப் போடுகிறார்கள், ஊருக்கு எதற்கு வரவேண்டும் என்று இப்போது புதுக்கதை கிளம்பியிருக்கிறது. சொல்கிறவர் எவரும் எங்கள் கிராமங்களில் சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்தவராகத் தெரியவில்லை.

அய்யாவின் இரங்கல் கூட்டத்திலும் ஓர் அதிகாரி அந்தச் சாவைக் குரல் தழுதழுக்கச் சொன்னார். முன்வரிசையில் இருந்த முனியசாமி என் பக்கம் குனிந்து, "நான் செத்ததை அய்யா எங்கிட்டச் சொல்லவே இல்லையே தாயி" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அந்த அதிகாரியின் பேச்சையே இந்த நினைவு மலரில் போட்டால் அய்யாவுக்குப் பெருமை என்றான் தம்பி. நான் ஒப்பவில்லை.

நோயில் உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், தோள்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அய்யாவின் காரியத்துக்கான இன்றைய சமையலுக்கு மிளகாய் கொண்டுவந்தவர் முனியசாமி. பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவரும் அவரே. மனு நாளை நிறுத்த யாராவது வந்தால், முனியசாமியை உயிரோடு கண்ணால் பார்த்ததாகச் சொல்லுங்கள்.