இஷ்பெலின் ஆளில்லாக் கடற்கரைகள்

மழை முகத்தில் அறைந்தாலும் இஷ்பெல் தன் தலையை மூடமாட்டாள். கேமராவுக்குத்தான் முதலில் குளியல் தொப்பி மாட்டுவாள். வெயில் எட்டிப் பார்த்ததும் தொப்பியைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு லென்ஸைத் துடைப்பாள். துடைத்து முடிப்பதற்குள் அடுத்த தூறல் வந்துவிடும். ஹெப்ரிடீஸ் தீவுகளின் மேற்குக் கரையில் வானத்தை நம்பி நாங்கள் யாரும் துணி காயப்போட மாட்டோம். இவள் படம் பிடிக்கிறாள்.

வருடம் முழுக்கப் பள்ளிக்கூடச் சமையலறையில் சூப் கிண்டுகிறவள். மே மாதம் விடுப்பு கிடைத்ததும் பழைய ரொட்டி வேனில் கூடாரத்தைத் திணித்துக்கொண்டு கரையோரமாகக் கிளம்பிவிடுவாள். இரண்டு வருடமாகப் பக்கத்து இருக்கையில் நான். அடுத்த வீட்டுக்காரனாகப் பிறந்த பாவத்துக்கு, "அவளைத் தனியா விட்றாத டோனல்" என்று அவள் வீட்டார் என் தலையில் கட்டிவிட்டார்கள். கூடாரம் அடிக்கும்போது அவளோடு மாரடிக்க முடியாது. மணலில் முளை நிற்காது என்று ஒவ்வொன்றின் மேலும் கல் வைக்கச் சொல்வாள். "இது கல்லாடா? என் கடவாப்பல்லு இதைவிடப் பெருசு!"

அவள் படங்களில் மனித வாடையே இருக்காது. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றைச் செருகி, ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்து வைப்பாள். அலையெல்லாம் புகையாகிவிடும். ஒருமுறை எங்கள் பாதிரியார் நாயோடு குறுக்கே நடந்துபோனார். படத்தில் அவரைக் காணோம். நாய் உட்கார்ந்து சொறிந்துகொண்ட இடத்தில் பழுப்பாக ஒரு கறை மட்டும் இருந்தது. "நடக்கிறவன் படத்துல விழமாட்டான், நிக்கிறவன் விழுவான். இதுல வேற வித்தை ஒண்ணும் இல்ல" என்பாள்.

எனக்கு முன்பு வேனின் அந்த இருக்கையில் அவள் தங்கை ரோனா உட்கார்ந்திருந்தாள். கடல் வற்றினால் எதிரே தெரியும் குட்டித் தீவுக்கு மணலிலேயே நடந்து போய்வரலாம். கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை குளிர்காலக் கணக்கில் அச்சாகும். கோடையில் எங்கள் ஊர்க் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பதால், அட்டவணையிலும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ரோனா தீவுக்குப் போன அன்று இஷ்பெல் பார்த்தது கைப்பேசியில். அது ஏற்கெனவே கூட்டியிருந்தது. பழக்க தோஷத்தில் இவளும் கூட்டினாள். "இன்னும் நேரமிருக்குடி, போய்ட்டு வா" என்று தங்கையை அனுப்பிவிட்டுப் படத்தில் மூழ்கினாள். கடல் முன்னாலிருந்து வரவில்லை. பின்னாலிருந்த வாய்க்கால்கள் வழியாகச் சுற்றி வந்தது. ரோனாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்று எடுத்த படத்தில் வெறும் மணல்தான். அதை என்னிடம் ஒரே ஒருமுறை காட்டினாள். "ஓடியிருக்கா டோனல். ஓடினதாலதான் படத்துல விழல."

போன வாரம் அதே கரைக்குப் போனோம். காலையில் ஆலங்கட்டி, அப்புறம் சுள்ளென்று வெயில், மதியம் எதிர்க்கரை தெரியாத மூட்டம். மூட்டம் விலகியதும் ஒரு படம் எடுத்தாள். கேமராத் திரையை எட்டிப் பார்த்தேன். மணல் நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ நிமிர்ந்து நின்றது. தலை இருந்தது. கண்ணை உயர்த்திப் பார்த்தால் மணலில் ஒரு கடற்பறவைகூட இல்லை.

"லென்ஸ்ல தண்ணி பட்டிருக்கும்" என்றேன்.

அழுத்தித் துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்தாள். அதே இடத்தில் அதே உருவம். பயந்துவிட்டேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

இஷ்பெல் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிக்கக் கத்துக்கிட்டா" என்றாள்.

அப்புறம் மூன்றாவது முறையாக ஷட்டரைத் திறந்துவிட்டு விறுவிறுவென்று மணலில் இறங்கினாள். ஓரத்து வாய்க்காலில் தண்ணீர் நெளிந்து ஏறத் தொடங்கியிருந்தது.

"ஏய் இஷ்பெல்! கடல் ஏறுது, திரும்பு!"

"தெரியும்டா! இந்தத் தடவை கணக்கு சரி! கேமராவைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்!"

கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். படத்தில் உருவம் விழுந்த இடத்துக்குப் போய்க் கேமராவைப் பார்த்துத் திரும்பினாள். அதற்குள் தண்ணீர் அவள் பூட்ஸைச் சுற்றிக்கொண்டது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அரையடி இடப்பக்கம் நகர்ந்து, வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, பக்கத்தில் நிற்கிறவளின் தோளில் போடுவதுபோல் வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றாள்.