ஆனாக்கா வாங்கிய ஹார்டு டிஸ்க்

அந்த அலுவலகத்தில் தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலிலிருந்து பிரிண்டர் வரைக்கும் எல்லாப் பொருளின் அடியிலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒரு பெயர் இருக்கும். கடைக்குப் போய் அந்தப் பொருளை வாங்கி வந்தவரின் பெயர். இது முதலாளியின் மனைவியான அண்ணி கொண்டுவந்த வழக்கம். பொருள் கெட்டுப்போனால் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார்கள். யார் பெயரோ அவர் தலை உருளும். உடைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. "நல்லதா வாங்கியிருந்தா ஏன் உடையுது?" என்பது அண்ணியின் சட்டம்.

அதனால் அங்கே யாரும் எதையும் வாங்கப் போக விரும்புவதில்லை. மூத்த வரைவாளர் கண்ணாடிக்காரர் ஒருமுறை தெரியாத்தனமாக நாற்காலி வாங்கி வந்தார். அதில் ஒரு சக்கரம் கழன்றது. அன்றிலிருந்து அந்த நாற்காலி அவருக்கே சொந்தம். சக்கரம் போன இடத்தில் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, ஊரார் வீடுகளுக்கெல்லாம் கோணாமல் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் அலுவலகம் அது. முதலாளி ஆனாக்காவின் உடன்பிறந்த அண்ணன். கீழே அலுவலகம், மாடியில் ஒற்றை அறை. அந்த அறையில்தான் ஆனாக்கா இருந்தாள். கல்யாணம் என்று ஒன்று வந்து, ஒரு வருடத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு படிக்கட்டுகள்தான் அவள் வாழ்க்கை. அலுவலகத்தில் எந்த வீட்டு வரைபடம் வந்தாலும் படிக்கட்டை அவள்தான் வரைவாள். வரைந்து முடித்ததும் அதில் தானே ஏறி இறங்குவதுபோல் விரலை நகர்த்திப் பார்ப்பாள். உடனே சொல்லுவாள்: "ஆனா, இங்க வளைஞ்சு வர்றவங்க தலை இடிக்குமே."

எதற்கும் ஒரு 'ஆனா' வைத்திருந்ததால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளக் கணக்கில் மட்டும் இருந்தது. சின்ன வயதில் அண்ணன் அவளைக் குட்டி என்று கூப்பிடுவான். முதலாளி ஆனதும் அதை நிறுத்திவிட்டான். "ஆபீஸ்ல எல்லாரும் ஒண்ணு" என்றான். எல்லாரும் ஒன்றுதான், அண்ணியின் தம்பி மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஒன்று. அவரை அலுவலகமே சின்னவர் என்று அழைத்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இரண்டாவது அலுவலகம் திறப்பதாக முடிவானபோது, அதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. சின்னவரா, ஆனாக்காவா? அண்ணன் அவளைக் கூப்பிட்டான்.

"எல்லா லேப்டாப்புக்கும் பேக்கப் எடுக்கணும். கையில எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு ஹார்டு டிஸ்க் பாத்து வாங்கு. ஒரு தடவையாவது 'ஆனா'ன்னு இழுக்காம ஒரு வேலையை முடிப்பியான்னு பாக்கறேன். முடிச்சா அந்த ஆபீஸ் சாவி உன் கையில."

ஆனாக்காவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. தனக்கென்று ஒரு மேஜை, ஒரு சாவிக்கொத்து, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நாலு பேர். அதற்கு நடுவில் நின்றது ஒரு ஹார்டு டிஸ்க். உள்ளங்கையில் அடங்குகிற பொருள்.

கடை கடையாக ஏறினாள்.

"இது உள்ள தட்டு சுத்துற வகையா, இல்ல சிப்பா?"

"ரெண்டுமே நல்லா ஓடும்க்கா."

"ஓடுறத கேக்கல தம்பி. விழுந்தா?"

"ஏங்க்கா விழப்போகுது?"

"ஆனா, விழுந்தா?"

கடைக்காரன் பெருமூச்சு விட்டான். தட்டு சுற்றும் வகை விலை குறைவு, இடம் அதிகம். ஆனால் ஓடும்போது விழுந்தால் தட்டில் கீறல் விழும், அவ்வளவுதான். சிப் வகைக்கு உள்ளே அசைகிற பாகம் இல்லை. விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும், விலைதான் கடிக்கும்.

"வாரண்டி?"

"கெட்டுப்போனா புதுசு குடுப்போம்க்கா."

"உள்ள இருக்குறது?"

"உள்ள இருக்குறது உங்களுது. அதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?"

அவள் மறுபடி மறுபடி போனாள். தூரத்தில் அவள் தலை தெரிந்தாலே கடைக்காரன், "டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று இறங்கி ஓடும் நிலைமை. அவளுக்கு அது புரியாமலும் இல்லை. ஆனால் எல்லா லேப்டாப்பிலும் இருப்பதைக் கூட்டி, அதைப்போல இரண்டு மடங்கு இடம் வேண்டும். பழைய லேப்டாப்புக்கு அகலமான வயர், புதியதற்குச் சின்ன வயர், இரண்டும் வேண்டும். அண்ணனுடைய லேப்டாப் வேறு ஜாதி, அதற்கும் மற்றவைக்கும் பொதுவாகப் படிக்கும்படி டிஸ்க்கைத் தயார்செய்ய வேண்டும். இதையெல்லாம் கேட்காமல் எப்படி வாங்குவது?

கடைசியில் சிப் வகையில் இரண்டு வாங்கலாம் என்று வந்து நின்றாள். ஒன்று அலுவலகத்தில், ஒன்று அண்ணன் வீட்டில்.

"ரெண்டா?" என்றாள் அண்ணி. "இருக்குறது ஒரு தலை. அதுக்குப் பேக்கப் வெச்சுக்கிட்டா திரியறோம்? உங்களுக்கு வேணா ஒண்ணு தேவைப்படும் நாத்தனாரே. இருக்குறது சரியா வேலை செய்யல."

சின்னவர் மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஆனாக்கா, நாம என்ன அதை வெச்சு பந்தா விளையாடப்போறோம்? தட்டு வகையிலயே ஒண்ணு வாங்குங்க. அதே விலைக்கு இடம் மூணு மடங்கு."

அண்ணன் தலையாட்டினான். "அவர் சொல்றதே சரி. வாங்கிட்டு வா."

வாங்கி வந்தாள். டப்பாவைப் பிரிக்கும் முன்பே அண்ணி ஸ்டிக்கர் அடித்துவிட்டாள். அதிலும் 'ஆனா' என்றுதான் இருந்தது.

"அண்ணி, இதைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லியே."

"கடைக்குப் போனது யாரு?"

அடுத்து நடந்ததுதான் பெரிய கூத்து. பேக்கப் என்றால் ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று செத்தால் மற்றொன்று கைகொடுக்கும். சின்னவர் எல்லாருக்கும் வேறு பாடம் நடத்தினார். "காப்பி பண்ணாதீங்க. கட் பண்ணி டிஸ்க்குல போடுங்க. லேப்டாப் காலியாகும், குதிரை மாதிரி ஓடும்." லேப்டாப்புகள் உண்மையிலேயே குதிரை மாதிரி ஓடின. எல்லாரும் சின்னவரைப் புகழ்ந்தார்கள். அலுவலகத்தின் மொத்த வரைபடங்களும் இப்போது அந்த ஒரே டிஸ்க்கில், வீட்டைக் காலிசெய்து மொத்தச் சாமானையும் ஒரே லாரியில் ஏற்றியதுபோல.

"ஆனா..." என்று ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான். அறை முழுக்கச் சிரிப்பு. செங்கல் நாற்காலியில் இருந்த கண்ணாடிக்காரர்கூடச் சிரித்தார், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு.

அவள் தன் சேமிப்பை எடுத்துப்போய், தான் முதலில் தேர்ந்தெடுத்த அதே சிப் வகை டிஸ்க்கை வாங்கினாள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினாள். அலுவலகத்தைப் பூட்டும் முறை தனக்கு வரும் நாட்களில் பெரிய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அதில் ஒரு பிரதி எடுத்து, பழைய காலுறைக்குள் சுருட்டி அலமாரியில் வைத்தாள். அப்படி எடுக்கும்போது வரைபடங்களுக்கு நடுவே சினிமாப் படங்களும் முளைப்பதைப் பார்த்தாள். சின்னவர், கண்ணாடிக்காரரின் கண்ணெதிரே, டிஸ்க்கைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய் டிவியில் மாட்டிப் படம் பார்க்கிறார் என்று புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை கண்ணாடிக்காரர் டிஸ்க்கை லேப்டாப்பில் சொருகினார். டக், டக், டக் என்று சத்தம் வந்தது. திரையில் எதுவும் வரவில்லை. எல்லாரும் கூடினார்கள். டிஸ்க்கின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. மறுநாள் ஒரு பெரிய அடுக்குமாடியின் வரைபடங்களை ஒப்படைக்க வேண்டும். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணி டிஸ்க்கைத் திருப்பினாள். ஸ்டிக்கரைப் படித்தாள்.

"ஆனா!"

"உன்னை நம்பி ஒரே ஒரு வேலை குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று அண்ணன் கத்தினான்.

சின்னவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "கொஞ்சம் நல்லதா பாத்து வாங்கக் கூடாதாக்கா?"

அப்போதே மாடிக்குப் போய்க் காலுறையை எடுத்து வந்திருக்கலாம். அவள் போகவில்லை. சின்னவரின் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் சர்க்கரை கரைவதுபோல் இருந்தது. இவர் வாயாலேயே வரட்டும், நான்தான் கீழே போட்டேன் என்று சொல்லட்டும், பிறகு எடுத்துத் தரலாம் என்று உட்கார்ந்தாள். பழுதுபார்க்கும் கடைக்காரன் போனில் "தட்டுல கீறல் போலருக்கு, நம்பிக்கை வைக்காதீங்க" என்றபோது தன் பென்சிலைச் சீவினாள். அண்ணன் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டபோது சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். வழக்கத்தைவிட நிதானமாகச் சாப்பிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது.

சின்னவர் வாயைத் திறக்கவே இல்லை. கண் சிவந்து வெளியே வந்த அண்ணனைப் பார்த்ததும் அவளுக்குத்தான் தாங்கவில்லை.

"அண்ணா, என்கிட்ட இன்னொரு காப்பி இருக்கு."

கொண்டுவந்து சொருகினாள். பாஸ்வேர்டு கேட்டது. எல்லார் கண்ணும் அவள்மேல். அண்ணன் அவள் தோளில் கைவைத்தான்.

"குட்டி, பாஸ்வேர்டை சொல்லும்மா."

எத்தனை காலம் கழித்து அந்தப் பெயர்! முதன்முதலாக வரைந்த படிக்கட்டின் அளவுகளைத்தான் அவள் பாஸ்வேர்டாக வைத்திருந்தாள். எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அண்ணி தன் கையால் டீ போட்டுக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் லேப்டாப்புகள் எல்லாம் வரைபடங்களால் மறுபடி நிறைந்துவிட்டன. அன்று தூங்கப் போகும்போது பாலத்துக்கு அந்தப் பக்கத்து அலுவலகத்தில் மேஜையை ஜன்னல் ஓரம் போடுவதா, கதவுக்கு எதிரே போடுவதா என்று யோசித்தாள்.

மறுநாள் வரைபடங்கள் ஒப்படைக்கப்பட்டன. அதற்குப் பிறகு அவளை அண்ணன் அறைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று நாற்காலியிலும் அண்ணன், அண்ணி, சின்னவர். அவளுக்கு நாற்காலி இல்லை.

"ஆபீஸ் வரைபடத்தை யாரைக் கேட்டு எடுத்தே?" என்றான் அண்ணன்.

"பத்திரமா இருக்கட்டும்னு..."

"பத்திரமாவா, விக்கவா?" என்றாள் அண்ணி.

"விக்கறதா இருந்தா நேத்து ஏன் அண்ணி கொண்டுவந்து குடுக்கறேன்?"

"காலையிலேயே குடுத்திருக்கலாமே? நாங்க துடிச்சோம். நீங்க சப்புக்கொட்டி சாப்பிட்டீங்க. எல்லாரும் பாத்தோம் நாத்தனாரே."

அது ஒன்றுதான் உண்மை. பொய்கள் எல்லாம் அந்த ஒரு உண்மையின் தோளில் ஏறி நின்றன.

"டிஸ்க்கைக் கீழ போட்டது இவரு. வீட்ல டிவியில படம் பாக்க எடுத்துட்டுப் போவாரு. கண்ணாடிக்காரருக்கே தெரியும்."

அண்ணி கதவைத் திறந்து குரல் கொடுத்தாள். "என்னங்க, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

கண்ணாடிக்காரர் குனிந்து நாற்காலிக்கு அடியில் செங்கல்லைச் சரிசெய்தார். "எனக்கென்னம்மா தெரியும்" என்றார், செங்கல்லைப் பார்த்தே.

"ஆனாக்கா, ஸ்டிக்கர்ல யார் பேர் இருக்கு? அதைச் சொல்லுங்க" என்றார் சின்னவர்.

"நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றான் அண்ணன். "மேல் ரூமும் வேணும். புது ஆபீஸ் சாமான் வந்து இறங்குது. சின்னவர்தான் பாத்துக்கப்போறாரு."

"அண்ணா, நேத்து குட்டின்னு கூப்பிட்டியே."

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தான். அண்ணிதான் பதில் சொன்னாள். "நேத்து பாஸ்வேர்டு வேணுமில்ல?"

சின்னவர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பெட்டியைக் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கியவள், கடைசியாக ஒன்றைக் கேட்டாள். "என் டிஸ்க்கைக் குடுங்க. அது என் காசுல வாங்கினது."

"டிஸ்க் உங்களுதுதான்க்கா" என்றார் சின்னவர். "உள்ள இருக்குறது உங்களுதா?"

அதன் அடியில் ஏற்கெனவே ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சின்னவர் பெயர். எல்லாரும் கேட்கப் பாஸ்வேர்டு சொன்னது ஆபத்தாம், அதை மாற்ற வேண்டுமாம், அவருக்கு எப்படி மாற்றுவது என்று தெரியவில்லையாம்.

"இதை மட்டும் காட்டிட்டுப் போங்க."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் காட்டினாள். புதிய பாஸ்வேர்டு அடிக்கும் கட்டம் வந்தது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்கக்கா. நீங்க பாக்கக் கூடாது."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சுவரில் அவள் வரைந்த ஒரு படிக்கட்டுதான் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பின்னால் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. தட்டிக்கொண்டே சின்னவர் கண்ணாடிக்காரரிடம் சொன்னார்: "லேப்டாப்லாம் மறுபடி ரொம்பிப் போச்சு, ஆமை மாதிரி ஓடுது. எல்லாத்தையும் கட் பண்ணி இதுல போட்டுடுங்க."

நாக்கு நுனி வரைக்கும் அந்தச் சொல் வந்தது. ஆனாக்கா அதை விழுங்கினாள்.

"திரும்பலாமா?" என்று மட்டும் கேட்டாள்.